ட்யூபைக் குறை சொல்வதற்கு முன்: நாள்பட்ட கரப்பானுக்குக் களிம்பு போடும் முறை, படிப்படியாக

"ஒரு ட்யூப் எத்தனை நாளைக்கு வருது?"

களிம்பு பலிக்கவில்லை என்று சேலத்தில் நான் போய்ப் பார்த்த தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "மூணு மாசம் வரும் டாக்டர், அளவாத்தான் போடுவேன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் என் கெண்டைக்காலைப் பார்த்தார். 15 கிராம் என்று போட்டிருந்த ட்யூபைப் பார்த்தார். "அப்போ மருந்து கேக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க இன்னும் மருந்தே போடலையே" என்றார்.

ஏற்காட்டில் வளர்ந்தவன் நான். பிழைப்புக்காகச் சேலத்துக்கு இறங்கியவன். சின்ன வயதிலிருந்தே கரப்பான் (எக்ஸிமா) உண்டு. இப்போது ஏழு வயதாகும் என் மகளுக்கும் முழங்கை மடிப்பில் வந்திருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் களிம்பு போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். டாக்டர் சீட்டுக்கு இது மாற்றாகாது. சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம். அந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறோம்.

முதல் படி: இது கரப்பான்தானா?

நம் ஊரில் தோலில் அரித்தால் அதற்குப் பெயர் "அலர்ஜி". படர்தாமரையும் அலர்ஜி, சொறிசிரங்கும் அலர்ஜி, கரப்பானும் அலர்ஜி. மருந்து மட்டும் மூன்றுக்கும் வேறு.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. வட்டமாகப் படரும், ஓரம் தடித்துச் செதில் செதிலாக இருக்கும், நடுவில் தெளிந்துவிடும். இடுப்பு, தொடையிடுக்கு என்று வேர்வை தங்கும் இடம் அதற்குப் பிடிக்கும். சேலத்து வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். சொறிசிரங்கு ராத்திரியில் அதிகமாக அரிக்கும், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்களாக இருக்கும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் சொறிவார்கள். கரப்பானுக்கு அப்படித் தெளிவான ஓரம் இருக்காது. பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் முழங்கை உள்மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து ஆகிய இடங்களில் வரும். கைக்குழந்தைக்குக் கன்னத்தில் வரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தீராத தும்மலோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இன்னொன்று. படங்களில் கரப்பானைச் செக்கச்செவேலென்று காட்டுவார்கள். நம் நிறத்துத் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ கருப்பாகவோதான் தெரியும். "சிவக்கலையே, அப்போ லேசாத்தான் இருக்கு" என்று நினைத்தே என் மகளுக்கு ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

சந்தேகம் இருந்தால் டாக்டர் அந்தச் செதிலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். வலிக்காது, சீக்கிரம் முடிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், கரப்பானுக்குத் தரும் ஸ்டீராய்டை (அழற்சியை அடக்கும் மருந்து) பூஞ்சை மேல் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் நன்றாகப் பரவும்.

இரண்டாம் படி: எது கிளப்புகிறது என்று பாருங்கள்

கரப்பான் உள்ள தோலை வெடிப்பு விட்ட மண்சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே போகும். தோலின் மேலடுக்கைக் கட்டிவைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2006-ல் கண்டுபிடித்தார்கள். அதாவது, பிறவியிலேயே பலருக்கு இந்தச் சுவர் பலவீனம். "ரத்தம் கெட்டுப்போச்சு" என்பதெல்லாம் சும்மா.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி மாட்டும் குற்றவாளிகள் சிலர் உண்டு. பார்த்தீனியம் முதலாவது. காலி மனை, ரோட்டோரம் எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கிறதே, அதே செடிதான். அதைத் தொடக்கூட வேண்டாம். காய்ந்த தூள் காற்றில் வந்தாலே போதும். முகம், கழுத்து, கை என்று வெளியே தெரியும் இடங்களில் வருவதால் வெயில் அலர்ஜி என்று நினைத்துவிடுவோம். ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. வெயிலால் வந்தது மேல் இமையையும் தாடைக்குக் கீழேயும் காதுக்குப் பின்னாலும் பெரும்பாலும் விட்டுவிடும், ஏனென்றால் அங்கே நிழல் விழும். காற்றில் வரும் தூளுக்கு நிழல் ஏது? அது அங்கேயும் போய் உட்காரும்.

அடுத்தது மாம்பால். சேலத்தில் மாங்காய் சீசனில் காம்பு ஒடிக்கும்போது தெறிக்கும் பால் பட்டு வாயோரமும் கையும் வெந்து போனவர்கள் எத்தனையோ பேர். சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் சிமென்டில் இருக்கும் குரோமியம். கவரிங் நகை, பேன்ட் பட்டன், வாட்ச் பின்மூடி ஆகியவற்றில் நிக்கல். தொப்புளுக்குக் கீழே மட்டும் ஒரு கருத்த திட்டு இருந்தால் பட்டனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தலைச்சாயம், ஸ்டிக்கர் பொட்டின் பசை, ரப்பர் செருப்பு, துணிசோப்பு என்று பட்டியல் நீளும்.

எது என்று பிடிபடவில்லை என்றால் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. முதுகில் சின்னச் சின்ன ஒட்டாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்; 96 மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. எனவே சித்திரையில் சேலத்தில் செய்துகொள்ளாதீர்கள். நான் செய்துகொண்டேன், பாதி ஒட்டு முதல் நாளே கழன்றுவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "கரப்பான் பண்டம்" என்று கத்தரிக்காயும் கருவாடும் எங்கள் வீட்டில் பல வருடம் தடை. பெரியவர்களின் கரப்பானுக்குச் சாப்பாடு காரணமாவது அரிது. கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைகளில் சிலருக்கு முட்டை, பால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதையும் டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாகப் பத்தியம் வைத்தால் பிள்ளை மெலியும், கரப்பான் அப்படியே இருக்கும்.

மூன்றாம் படி: குளியலும் மாய்ஸ்சரைசரும்

ஸ்டீராய்டை விட முக்கியமானது இது. ஆனால் "வெறும் கிரீம்தானே" என்று முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் சுகம் எனக்கும் தெரியும். அந்த ஐந்து நிமிடச் சுகத்துக்கு ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டும். குளியல் ஐந்திலிருந்து பத்து நிமிடம். நார் வேண்டாம், கல் வேண்டாம். நுரை பொங்கும் சோப்புக்குப் பதில் வாசனையில்லாத மென்மையான சோப்பு, அதுவும் அக்குள், இடுக்கு போன்ற இடங்களுக்கு மட்டும். போர்வெல் உப்புத்தண்ணீர் தோலை இன்னும் வறட்டும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்துவைத்து, கடைசிச் சொம்புக்கு அதை ஊற்றிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர். முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் முடிக்கால் அடைத்துக் கொப்புளம் வரும்.

எவ்வளவு? உடம்பு முழுக்க வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம். ஆமாம், வாரத்துக்குத்தான். இதனால்தான் விலை உயர்ந்த சின்ன டப்பாவை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதைவிட, சாதாரண வெள்ளைப் பாரஃபின், லிக்விட் பாரஃபின், கிளிசரின் கலந்த கிரீமைப் பெரிய டப்பாவாக வாங்கித் தாராளமாகப் பூசச் சொல்கிறார்கள்.

மலைக்கும் ஊருக்கும் ஒரே கிரீம் சரிப்படாது. சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் வாசலின் மாதிரி கெட்டியானதைப் பகலில் பூசினால் வேர்வை அடைத்து அதுவே அரிக்கும். பகலில் லேசான கிரீம், ராத்திரி கொஞ்சம் கெட்டியானது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் கதையே வேறு. பனிக்காலத்தில் அங்கே காலையிலும் ஆயின்மென்ட்தான்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். லேசான வறட்சிக்குப் பூசலாம், பலருக்கு ஒத்துக்கொள்கிறது. நீர் வடியும் புண்ணில் வேண்டாம். ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைக் கெடுக்கிறது, விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. பூசிக்கொண்டு விறகடுப்பு முன்னாலோ விளக்கு முன்னாலோ குனியாதீர்கள்.

நான்காம் படி: ஸ்டீராய்டு

இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் ட்யூபைத் தூக்கி எறிபவர்கள் ஒரு வகை. பேர் தெரியாமல் வருடக்கணக்கில் பூசுபவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாகவும் இருந்திருக்கிறேன்.

முதலில் ட்யூபில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன், டெசோனைடு இரண்டும் லேசானவை. மோமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், பீட்டாமெத்தசோன் வேலரேட் எல்லாம் அதற்கு மேலே. குளோபெட்டசால் உச்சாணிக் கொம்பு. சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். குளோபெட்டசால் 0.05 சதவீதம் என்றும் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் என்றும் போட்டிருக்கும். சின்ன எண் உள்ளதுதான் பல நூறு மடங்கு காட்டமானது.

எந்த இடத்துக்கு எது என்பது தோலின் தடிமனைப் பொறுத்தது. இமை, முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லிசு, மருந்து சட்டென்று உள்ளே இறங்கும். அங்கே லேசானது மட்டும், அதுவும் சில நாள். கை கால் உடம்புக்கு நடுத்தரம். சொறிந்து சொறிந்து யானைத்தோல் மாதிரி தடித்துப்போன இடம், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றுக்கு வலுவானது. குளோபெட்டசால் என்றால் தொடர்ந்து இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. ஒருவருக்குக் காலுக்குக் கொடுத்ததை இன்னொருவர் முகத்துக்குக் கடன் வாங்குவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு.

இப்போது அளவு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். இது ஒரு விரல்நுனி அளவு. ஏறக்குறைய அரை கிராம். இந்த அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்குச் சரியாக இருக்கும். குழந்தைக்குப் போட்டாலும் விரல் பெரியவருடையதுதான், உள்ளங்கையும் பெரியவருடையதுதான்.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கெண்டைக்காலிலும் சேர்த்துக் கரப்பான் பிடித்த இடம் எட்டு உள்ளங்கை. அப்படியென்றால் ஒரு தடவைக்கு நான்கு விரல்நுனி, 2 கிராம். 15 கிராம் ட்யூப் ஒரு வாரத்தில் தீர வேண்டும். நான் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன். டாக்டர் சிரித்ததில் தப்பே இல்லை. மகளின் இரண்டு முழங்கை மடிப்பும் முழங்கால் பின்பக்கமும் சேர்ந்து என் உள்ளங்கையில் இரண்டு. ஒரு தடவைக்கு ஒரு விரல்நுனி. பத்து நாளைக்கு 5 கிராம்.

பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும், சிலருக்கு இரண்டு தடவை எழுதித் தருவார்கள். மாய்ஸ்சரைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவே 15 நிமிடமாவது, முடிந்தால் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் ஒன்றை ஒன்று நீர்த்துவிடும், கரப்பான் இல்லாத இடத்துக்கும் மருந்து பரவும்.

எப்போது நிறுத்துவது? இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். அரிப்பு மூன்றாம் நாளே அடங்கிவிடும், அதோடு ட்யூப் பரணுக்குப் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்போ தடிப்போ தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துத் தோல் போல வழவழப்பாகும் வரை, டாக்டர் சொன்ன நாள் கணக்குக்குள், போட வேண்டும். கருப்பு நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கரப்பான் ஆறிய பிறகும் அந்த நிறம் மாதக்கணக்கில் இருக்கும். அது தழும்பின் நிறம், அதற்கு ஸ்டீராய்டு தேவையில்லை.

திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருபவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. ஆறிய பிறகும் அந்த இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பூசுவது. எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு. "ஒண்ணுமே இல்லாத இடத்துல எதுக்குடா மருந்து?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார். கண்ணுக்குத் தெரியாத அழற்சி அங்கே மிச்சம் இருக்கும், அதை அடக்கிவைக்கத்தான்.

ஐந்தாம் படி: முகத்துக்கும் இமைக்கும்

நீண்ட நாள் போட வேண்டிய மெல்லிய தோலுக்கு டாக்ரோலிமஸ் எழுதுவார்கள். இது ஸ்டீராய்டு கிடையாது, தோலை மெலிய வைக்காது. இரண்டு வயது முதல் பதினைந்து வரை 0.03 சதவீதம், அதற்கு மேல் 0.1 சதவீதம். முதல் சில நாள் மிளகாய் பட்ட மாதிரி எரியும். பலர் "ஒத்துக்கல" என்று அப்போதே விட்டுவிடுகிறார்கள். ட்யூபைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் காய்ந்த தோலில் பூசினால் எரிச்சல் குறையும். ஒரு வாரத்தில் பழகிவிடும். பகல் வெயிலில் அந்த இடத்தை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம், சத்தமில்லாமல் ஒன்று: மது குடித்தால் சிலருக்குப் பூசிய முகம் குப்பென்று சிவக்கும். வீட்டில் மறைக்க முடியாது.

ட்யூபுக்குள் இருக்கும் காகிதத்தில் புற்றுநோய் என்ற வார்த்தையைப் பார்த்துப் பயந்துபோய் என் மனைவி அதை ஒளித்துவைத்தாள். அமெரிக்காவில் 2006-ல் அந்த எச்சரிக்கையைப் போடச் சொன்னார்கள். பின்னர் குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்துச் செய்த ஆய்வுகள் அந்தப் பயத்தை உறுதிப்படுத்தவில்லை.

ஆறாம் படி: நீர் வடிந்தால், பொருக்குத் தட்டினால்

தேன் நிறத்தில் பொருக்கு, வலி, சீழ் வந்தால் கிருமி சேர்ந்துவிட்டது. அப்போது ஃப்யூசிடிக் ஆசிட் அல்லது முபிரோசின் களிம்பை ஒரு வாரம், பத்து நாளுக்கு எழுதுவார்கள். அதற்கு மேல் இழுத்தால் கிருமி பழகிவிடும். நீர் வடிவதை வற்ற வைக்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுக்கச் சொல்வார்கள். அது ரோஜா நிற வெளிறலில் இருக்க வேண்டும். கத்தரிப்பூ நிறம் வந்தால் காட்டம் அதிகம், தோல் வெந்துவிடும். ஒரு துகள்கூடக் கரையாமல் இருக்கக் கூடாது.

காய்ச்சலோடு, ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கொப்புளங்கள் திடீரென்று கிளம்பி, உடைந்து குழி குழியாகி வலித்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏழாம் படி: ஈரத்துணிக் கட்டு

மகள் ராத்திரி தூங்காமல் சொறிந்த வாரத்தில் டாக்டர் இதைச் சொல்லித் தந்தார். குளித்ததும் அவர் எழுதிய லேசான ஸ்டீராய்டும் அதன்மேல் தாராளமாக மாய்ஸ்சரைசரும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முழங்கை மேல் சுற்றினேன். அதன்மேல் காய்ந்த துணி ஒரு சுற்று. "அப்பா, நான் மம்மி மாதிரி இருக்கேன்" என்று கையை நீட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள். அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினாள்.

இதில் மருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு உள்ளே போகும். எனவே டாக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள், சில நாளுக்கு மேல் தொடராதீர்கள், வலுவான ஸ்டீராய்டு மேல் கட்டவே கட்டாதீர்கள். கிருமி சேர்ந்த இடத்திலும் கூடாது. மலைமேல் பனி இறங்கும் ராத்திரியில் குழந்தை நடுங்கிப்போகும், அங்கே வேண்டாம்.

எட்டாம் படி: எதைத் தொடவே கூடாது

கல்லூரி நாளில் தொடையிடுக்கில் அரிப்பு. ஒரு மெடிக்கலில் சொன்னேன். "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அரிப்பு போய்விட்டது, அதனால் அடுத்த இரண்டு வருடம் அதையே வாங்கினேன். ஒரே ட்யூபில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் கலந்த ரகம் அது. என்னுடையதில் இருந்தது குளோபெட்டசால். தொடையில் பிரசவக்கோடு மாதிரி விழுந்த வரிகள் இன்றும் இருக்கின்றன, அவை போகாது. முகத்துக்குச் சிவப்பழகு கிரீம் என்று இதே ஸ்டீராய்டைப் பூசிக்கொண்டவர்களுக்குத் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் ரோமமும் கிளம்புகிறது. 2018-ல் மத்திய அரசு விதியைத் திருத்தி, ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. சீட்டில்லாமல் கேட்டால் கிடைக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். கேட்காமல் இருப்பது நம் கையில்.

மாதக்கணக்கில் பூசிவிட்டீர்களா? திடீரென்று நிறுத்தினால் தோல் தீயாய் எரிந்து முன்னைவிட மோசமாகலாம். டாக்டரிடம் ட்யூபையே கொண்டுபோய்க் காட்டி, படிப்படியாகக் குறையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பா மருந்தும் வேண்டாம், அதன்மேல் மூலிகை இலைப் படம் போட்டிருந்தாலும் சரி. "ஒரு ஊசி போட்டா போயிடும்" என்பதும் அப்படித்தான். போகும், பிறகு வட்டியோடு திரும்பும். அலர்ஜிக்கு வாங்கும் செட்டிரிசின் மாத்திரை கரப்பான் அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது.

ஒன்பதாம் படி: திரும்ப டாக்டரிடம்

சரியான அளவில், சரியான நாள் போட்டும் இரண்டு வாரத்தில் அசையவில்லை என்றால் திரும்பப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. களிம்புக்கு அடங்காததற்கு ஒளி சிகிச்சை, உள்ளுக்குத் தரும் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் மருந்துகள் என்று மேலேயும் வழிகள் உண்டு.

போகும்போது தீர்ந்த ட்யூப்களை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். நான் ட்யூபைத் திறக்கும் அன்றைக்கே மூடியில் மார்க்கரால் தேதி எழுதிவிடுவேன். மோசமாக இருக்கும் நாளில் செல்போனில் படமும் எடுத்துவையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் மட்டும் தோல் பளபளவென்று இருக்கும். என் மகளுக்கு இதுவரை மூன்று முறை அப்படி ஆகியிருக்கிறது.